அச்சத்தின் வேடங்கள்: உடன்குடி வட்டாரக் கொடை மரபும் இத்தாலியத் திகில் திரையும்

இத்தாலியத் திகில் சினிமா என்று திரை வரலாற்றில் குறிக்கப்படும் மரபு, ரிக்கார்டோ ஃப்ரெடா தொடங்கி, அவர் இடையில் விலகிக்கொண்டதால் ஒளிப்பதிவாளர் மாரியோ பாவா முடித்துக்கொடுத்த 'இ வம்பீரி' என்ற படத்துடன் 1957இல் பிறந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செழித்து, தொலைக்காட்சி பெருகிய 1980களின் பிற்பகுதியில் ஒடுங்கியது. இந்தப் படங்களின் கதைக்கட்டு பெரும்பாலும் தளர்ந்தது. கொலைக்கான காரணம் கடைசிச் சில நிமிடங்களில் அவசரமாகச் சொல்லப்படும். சிலவற்றில் அதுவும் முழுமையாக விளங்காது. அப்படியிருந்தும் அவை உலகெங்கும் பார்வையாளரைக் கட்டிப்போட்டதற்குக் காரணம், அச்சத்தைக் கதையில் வைக்காமல் நிறத்திலும் ஒலியிலும் வேடத்திலும் வைத்ததுதான். இந்த முறை ஐரோப்பியத் திறனாய்வாளர்களுக்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்குக் கடற்கரையில், குறிப்பாக உடன்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், தலைமுறை தலைமுறையாக மக்கள் அச்சத்தை நுகர்ந்துவந்த முறையும் இதுவே. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், 1984இல் ஓர் இத்தாலியத் திகில் படத்தின் கதை தமிழுக்கு வந்தபோது அதில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதும் தெளிவாகும்.

உடன்குடி, 1986இல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். தாமிரபரணியின் கடைமடைக் கால்கள் எட்டியும் எட்டாமலும் நிற்கும் இந்த வட்டாரத்தில் நெல் வயலைவிடப் பனங்காடே மிகுதி. ஊரின் பெயரோடு ஒட்டி வழங்குவதும் கருப்பட்டிதான். வடக்கே காயாமொழி, தேரிக்குடியிருப்பு வரை விரியும் 'தேரி' என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. மாலை வெயிலில் கருஞ்சிவப்பாக மாறும் இந்த மணலின் ஓரங்களிலும் பனை விளைகளின் மூலைகளிலும் சுடலைமாடன், இசக்கி, முண்டன், பேச்சி ஆகிய தெய்வங்களின் பீடங்கள் நிற்கின்றன. பீடம் என்பது செங்கல்லாலோ மண்ணாலோ கட்டிச் சுண்ணாம்பு பூசிய, மேலே செல்லச் செல்லக் குறுகும் தூண். அதில் முகம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 'கொடை' என்ற விழாவில்தான் அந்த முகமற்ற தூணுக்கு முகமும் குரலும் உடலும் கிடைக்கின்றன.

கொடையின் நடுநாயகம் வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய பெரிய வில்லை மண்குடத்தின் கழுத்தில் பொருத்தி, வீசுகோலால் நாணை அடித்துப் பாடும் புலவரும், உடுக்கையும் தாளமும் கட்டையும் கொண்ட பக்கத்தாரும் இரவு முழுக்கக் கதை சொல்கிறார்கள். இந்தக் கலையைத் தென்தமிழகத்தில் தங்கி ஆய்ந்த அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலில் வில்லுக் கதைகளை இரண்டாகப் பிரித்தார்: தெய்வமாகவே பிறந்தவரின் கதை ஒன்று, மனிதராகப் பிறந்து, கொடுஞ்சாவு கண்டு, தெய்வமானவரின் கதை மற்றொன்று. இரண்டாம் வகைக் கதைகளில் கொலை நடக்கும் கட்டத்தில்தான் பாட்டின் வேகமும் மேளத்தின் அடியும் உச்சத்துக்குப் போகின்றன. சாமியாடிக்கு அருள் வருவதும் அந்தக் கட்டத்தில்தான். கூடியிருக்கும் எவருக்கும் கதை புதிதல்ல. நிறைசூலியான பொன்னிறத்தாளைப் புதையலுக்காகப் பலியிடும் கள்ளர்களின் கதையைப் பாட்டியின் மடியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்தான் நள்ளிரவில் மறுபடி அதைக் கேட்கக் கூடுகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அங்கே வேலை செய்வதில்லை. நடக்கப்போவது தெரிந்திருந்தும் உடல் நடுங்குகிறதே, அந்த நடுக்கமே கொடையின் சாரம்.

சுடலைமாடன் கொடையில் இந்த நடுக்கம் காட்சியாகவும் மாறுகிறது. கயிலையில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் மண்ணுலகுக்கு அனுப்பப்பட்டவன் என்று வில்லுக் கதை சொல்லும் இந்தத் தெய்வத்துக்கு, நள்ளிரவுச் சாமக்கொடை முடிந்ததும் 'வேட்டை' உண்டு. சாமியாடி தீப்பந்தத்தோடு தனியே சுடுகாட்டுக்குச் சென்று திரும்பும் சடங்கு அது. அவர் போகும் வழியில் எதிர்ப்படக் கூடாது என்பதால் ஊர் கதவடைத்துக் கிடக்கும். பார்க்க முடியாத ஒன்றை, தொலைவில் தேய்ந்து மீண்டும் நெருங்கும் சலங்கை ஒலியின் வழியாக மட்டுமே ஊர் முழுவதும் அறிந்துகொள்ளும் அந்தச் சில நாழிகைகளுக்கு இணையான ஒலிக்காட்சியை எந்தத் திரைப்படமும் எளிதில் படைத்துவிட முடியாது. கணியான் கூத்து நடக்கும் கோயில்களில், அண்ணாவி என்னும் தலைமைப் பாடகரும், மகுடம் என்ற வட்டப் பறையைத் தட்டுவோர் இருவரும், பெண் வேடமிட்டு ஆடுவோர் இருவருமாகக் குழு அமையும். 'கைவெட்டு' என்ற சடங்கில் கணியான் தன் கையைக் கீறி, சொட்டும் குருதியைத் தெய்வத்துக்குப் படைப்பதும் வழக்கம். உடன்குடிக்குத் தென்மேற்கே உள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றி 1849இல் எழுதிய சிறு நூலில் இத்தகைய ஆட்டங்களை விரிவாக வருணித்துள்ளார். அந்த மக்களைத் தாழ்த்திப் பேசிய நூல் என்று பிற்காலத்தில் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்த எழுத்து அது. பேய் வழிபாடு என்று முத்திரை குத்தவே அவர் எழுதினார் என்பதும் உண்மை. ஆனாலும் ஆட்டத்தின் நிறத்தையும் இசையையும் வேகம் கூடும் முறையையும் அவர் கண் விடாமல் பற்றியிருக்கிறது. வெறுத்து நோக்கியவரையும் விடாமல் இழுத்த காட்சி அது.

கொலையை நிகழ்த்திக் காட்டும் சடங்கு இந்த வட்டாரத்திலேயே வேறொரு வடிவிலும் உண்டு. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில், கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் நடக்கும் 'கள்ளர் வெட்டு' விழாவில் கள்ளனுக்கு ஈடாக வைக்கப்படுவது ஓர் இளநீர். செம்மணல் தேரியில் ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நிற்க அந்த இளநீர் ஒரே வெட்டில் பிளக்கப்படுகிறது. சிந்திய நீர் மணலில் ஊறி அதைக் குருதி போல இருளச் செய்ய, மக்கள் பாய்ந்து அந்த ஈரமண்ணை அள்ளி, வீட்டிலும் விளையிலும் கடையிலும் வைப்பதற்காக முடிந்துகொண்டு போகிறார்கள். குருதியே இல்லாமல் குருதியின் தோற்றத்தை எழுப்பும் இந்த ஏற்பாட்டில் மணலின் நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

வேடத்தின் ஆற்றல் மேடைக்கும் இங்கிருந்தே சென்றது எனலாம். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தமிழ் நாடகத்தின் தந்தையாகப் போற்றப்படுவதற்கு முன் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலான உக்கிர வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். அவர் எமனாக மேடையில் தோன்றி முழங்கியதைக் கண்டு சூலுற்ற பெண்ணொருத்தி மயங்கிக் கருவை இழந்ததாகவும், அந்த வருத்தத்தில் அவர் நடிப்பையே கைவிட்டு நாடக ஆசிரியராக மட்டும் வாழ்ந்ததாகவும் நாடக மரபு சொல்லிவருகிறது. சாவித்திரி கதையில் எமன் வருவான் என்பது அறியாத பார்வையாளர் அன்று எவரும் இருந்திருக்க முடியாது. அச்சுறுத்தியது வேடமும் குரலுமே.

இந்த வேட மரபு இன்று மிகப் பெரும் அளவில் உயிரோடிருப்பது உடன்குடிக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள, குலசை என்று சுருக்கி வழங்கும் குலசேகரன்பட்டினத்தில். அங்குள்ள ஞானமூர்த்தீசுவரர் உடனுறை முத்தாரம்மன் கோயில் தசராவுக்காக, புரட்டாசி பிறந்ததும் உடன்குடிக் கடைவீதியில் வேடப் பொருள்கள் தொங்கத் தொடங்கிவிடும். சடைமுடி, கிரீடம், நெற்றிக்கண், உதட்டோரம் கடித்துக்கொள்ளும் வீரப்பல், முதுகில் கட்டும் கூடுதல் கைகள், சூலாயுதம், தொங்கும் சிவந்த நாக்கு என்று காளியின் உருவம் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கடைக் கொடியில் ஆடும். நேர்ந்துகொண்டவர்கள் தத்தம் வழக்கப்படி முன்கூட்டியே மாலையணிந்து விரதமிருந்து, கொடியேற்றத்துக்குப் பின் காப்புக் கட்டி, வேடம் பூண்டு, ஊர் ஊராகக் காணிக்கை பெற்று அதை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். குறவன், குரங்கு, கரடி, ராஜா, காவலர் என வேடங்கள் பலவாயினும், மிகக் கடுமையான விரதத்தைக் கோருவது காளி வேடமே. பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில், சிங்கம், எருமை முதலான தலைகளை மாற்றி மாற்றி எதிர்வரும் மகிஷாசுரனை அம்மன் வதைக்கும் சூரசம்ஹாரத்தின்போது, நூற்றுக்கணக்கான காளிகள் ஒருசேர நிற்கும் அந்த மணற்பரப்பில் அச்சமும் பக்தியும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன.

இத்தாலியில் அச்சத்தின் கைவினைஞராக விளங்கிய மாரியோ பாவா 1914இல் சான் ரெமோ நகரில் பிறந்தவர். சிற்பியும் மௌனப்படக் காலத்து ஒளிப்பதிவாளருமான தந்தையிடம் தொழில் கற்றவர். 'இ வம்பீரி' படத்தில் ஓர் இளம்பெண்ணின் முகம் வெட்டே இல்லாத ஒரே காட்சித் துண்டில் கிழமுகமாக மாற வேண்டியிருந்தது. பாவா நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்தார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், சிவப்பு ஒளியின் கீழ் அந்தக் கோடுகள் தெரியாது. ஒளியை மெல்லப் பச்சையின் பக்கம் நகர்த்தியதும் அதே கோடுகள் கறுத்து எழுந்து முகத்தை மூடின. படச்சுருளில் எந்த வித்தையும் இல்லை. முகப்பூச்சும் விளக்கும் மட்டுமே. 1960இல் அவர் இயக்கிய 'லா மாஸ்கெரா டெல் தெமோனியோ' படம், சூனியக்காரி என்று தண்டிக்கப்படும் பெண்ணின் முகத்தில் உட்புறம் ஆணி பொருத்திய முகமூடியை அறைந்து ஏற்றும் காட்சியோடு தொடங்கி, நடிகை பார்பரா ஸ்டீலின் துளைபட்ட முகத்தை உலகத் திரையின் மறக்க முடியாத முகங்களில் ஒன்றாக்கியது. 1964இல் வந்த 'செய் தொன்னே பெர் லஸ்ஸாஸ்ஸீனோ' வண்ணப்படம். ஆடை அலங்கார நிலையம் ஒன்றில் பணிபுரியும் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் கதை. கொலையாளிக்கு முகம் கிடையாது; வெளிறிய துணி முகத்தை மூடியிருக்க, தொப்பியும் நீண்ட மேலங்கியும் கையுறையும் மட்டுமே அவனை அடையாளம் காட்டும். காரணமே இல்லாமல் அறைகளில் ஊதாவும் பச்சையும் சிவப்பும் மாறி மாறி எரியும். கேமராவை நகர்த்த உரிய தண்டவாள வண்டிக்கும் வசதியின்றி, குழந்தைகள் இழுக்கும் வண்டியில் வைத்து இழுத்தார் என்பார்கள். செல்வச் செழிப்பாகத் தெரியும் அந்தக் காட்சிகள் வறுமையில் பிறந்தவை.

இவ்வகைக் கொலை மர்மப் படங்களுக்கு 'ஜல்லோ' என்று பெயர். மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட மலிவுவிலைத் துப்பறியும் நாவல் வரிசையிலிருந்து, மஞ்சளைக் குறிக்கும் இச்சொல் வகைப்பெயராயிற்று. பாவா வகுத்த பாதையை 1970இல் டாரியோ ஆர்ஜென்டோ பெருவழியாக்கினார். அவருடைய 'சஸ்பீரியா' (1977) ஜெர்மானிய நடனப் பள்ளி ஒன்றை ஆளும் சூனியக்காரிகளின் கதை. கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவோலி வண்ணத் துணிகளை விளக்குகளுக்கு முன்னே விரித்து எழுப்பிய சிவப்பும் நீலமும், மூன்று வண்ணச் சாயங்களைத் தனித்தனியே ஏற்றும் பழைய டெக்னிகலர் முறையில் எடுத்த பிரதிகளில் ஈரம் காயாத பூச்சாக ஒளிர்ந்தன. கோப்ளின் என்ற இசைக்குழு அமைத்த பின்னணியில் மின்கருவிகளோடு கிரேக்க நரம்புக் கருவியான பூசூக்கியும், நம் நாட்டுத் தபேலாவும், காதருகே கிசுகிசுக்கும் மனிதக் குரலும் கலந்திருக்கும். படப்பிடிப்பிலேயே அந்த இசையை உரக்க ஒலிக்கவிட்டு நடிகர்களைப் பதறச் செய்ததாக ஆர்ஜென்டோ கூறியிருக்கிறார். இத்தாலியப் படங்களில் உரையாடல் பின்னரே பதியப்பட்டதால் இது இயன்றது. ஓசை முதலில் பிறந்து உடல் அதற்கு ஆடும் இந்த முறை, வில்லடிக்கும் மகுடத்துக்கும் சாமியாடியின் உடல் கட்டுண்டு ஆடுவதோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகிறது.

ஆயினும் ஒப்புமையை ஓரளவுக்கு மேல் இழுத்தால் பெரும் பிழை நேரும். ஜல்லோவில் வேடம் குற்றவாளியை மறைக்கிறது. குலசையில் வேடம், விரதமிருந்த மனிதருக்குள் தெய்வத்தை வெளிப்படுத்துகிறது. அதைவிட ஆழமான வேறுபாடு, கொலையுண்டவருக்கு அந்தக் கலை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. ஜல்லோவில் பெண் அழகாகக் கொல்லப்படுகிறாள். கேமரா அவளுடைய சாவை நெருங்கி நின்று பார்த்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விடுகிறது. படம் முடியும்போது அவளுடைய பெயர்கூட நினைவில் நிற்காது. இந்த வகைமீது பெண்ணியத் திறனாய்வாளர்கள் வைத்த குற்றச்சாட்டு நேர்மையானது. படங்களின் பேரழகு அதற்கு விடையாகாது. வில்லுக் கதையில் மறக்கப்படுபவன் கொலையாளி. கொலையுண்ட பொன்னிறத்தாள் பீடம் பெறுகிறாள், பழி முடிக்கிறாள், ஆண்டுதோறும் மஞ்சளும் பூவும் பொங்கலும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கொன்றவனின் வழியினரே அவளுக்குக் கொடை கொடுக்க நேர்வதும் இத்தகைய தெய்வங்களின் கதைகளில் காணக்கிடைப்பதே. அநியாயமாகச் செத்தவரை ஊர் அஞ்சியேனும் நினைவில் வைத்தாக வேண்டும் என்ற அறம் அந்த நடுக்கத்தின் அடியில் இருக்கிறது. இது இத்தாலியத் திரைக்கு வாய்க்கவில்லை.

தமிழ்த் திரையில் கொலை மர்மத்துக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தவர் வீணை மேதை எஸ். பாலசந்தர். 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகியவை அவர் இயக்கியவை. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967) முகமூடிக் கொலையாளியை வண்ணத்தில் உலவவிட்டது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980) ஆகிய இரண்டும் கொலையாளியின் மனத்துக்குள் பார்வையாளரை உட்கார வைத்தன. இத்தாலியோடு நேரடி உறவு 1984இல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' படத்தில் நிகழ்ந்தது. சூலூரில் பிறந்து, பாரதிராஜாவிடம் 'நிழல்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' படங்களுக்குக் கதை வசனத்தில் தொழில் பழகிய மணிவண்ணன், லூச்சியோ ஃபுல்ச்சி 1977இல் எடுத்த 'செத்தே நோத்தே இன் நேரோ' படத்தின் கதைச்சரட்டை எடுத்தாண்டார். கொலையை மனக்கண்ணில் காணும் பெண், கணவனின் வீட்டுச் சுவருக்குள் எலும்புக்கூடு, கணவன்மீது படியும் ஐயம் என்று செல்லும் கதை அது. ஃபுல்ச்சியின் படத்தில் அச்சத்தின் ஆணி, ஏழு சுரங்களை இசைக்கும் கைக்கடிகாரம். ஃபாபியோ ஃப்ரிட்சியும் இரு கூட்டாளிகளும் அமைத்த அந்த மெட்டு, பின்னாளில் ஹாலிவுட்டின் 'கில் பில்' முதல் பாகத்திலும் (2003) ஒலித்தது.

நளினி, மோகன், விஜயகாந்த் நடித்து, இளையராஜா இசையமைத்த 'நூறாவது நாள்' பெருவெற்றி பெற்றது. நாற்பதாண்டுகள் கழித்து அதைப் பற்றிப் பேசுவோர் பலருக்குக் கதையின் முடிச்சு மங்கியிருக்கிறது. மங்காமல் நிற்பது மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வந்து நின்ற தோற்றம். அதுவரை சிறு வேடங்களில் வந்துகொண்டிருந்த நடிகரைத் தமிழகம் முழுக்கத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த வேடமே. ஃபுல்ச்சியிடமிருந்து கடன் பெற்ற கதை கைமாறி 1991இல் '100 டேஸ்' என்று இந்திக்கும் போனது. தமிழ் நினைவிலோ, எமனாக நின்ற சங்கரதாஸ் சுவாமிகளைப் போல, ஓர் உருவம் மட்டும் தங்கிவிட்டது. இத்தாலியக் கதையைத் தமிழ்ப் பார்வையாளர் தம் பழைய முறையிலேயே, கதையைத் தள்ளி வேடத்தை ஏற்று, வாங்கிக்கொண்டனர் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இப்போது ஓட்டம் எதிர்த்திசையிலும், திரையிலிருந்து சடங்குக்கும், நடக்கிறது. குலசைத் தசராக் குழுக்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதும், சின்னத்திரை நடிகையரை அழைத்துவருவதும் பெருகியதால், ஆபாச நடனம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கட்டளையிடும் அளவுக்கு நிலைமை போனது. மாறிவரும் மரபைக் காக்கும் அக்கறைக்குத் திரையிலேயே முன்மாதிரி உண்டு: 'சஸ்பீரியா' படத்தைத் தோவோலியின் மேற்பார்வையில் சட்டகம் சட்டகமாகத் துலக்கி, அதன் சிவப்பை 2017இல் மீட்டெடுத்தார்கள். உடன்குடிக் கடைவீதியில் சடைமுடி பின்னுவோரும் காளியின் கைகளைச் செதுக்கிச் சாயமேற்றுவோரும் பயன்படுத்தும் பொருள்கள், அளவுகள், சாயங்கள், எந்தத் தெய்வத்துக்கு எந்த நிறம் என்ற வரையறை ஆகியவையும், அண்ணாவிமார்களின் மனத்தில் மட்டும் உள்ள கணியான் கூத்துப் பாடங்களும் அதே அக்கறையோடு அவர்கள் வாய்மொழியிலேயே பதிவாக வேண்டியவை. கொடைக்குக் கணியானை அழைத்துவந்த கோயில்களில் பல இப்போது ஒலிபெருக்கியோடும் ஆர்க்கெஸ்ட்ராவோடும் நிறுத்திக்கொள்கின்றன.